பை தி வே

காட்பாடி ஸ்டேஷன் வாசலில்
வண்டியை ஓரங்கட்டி நின்றிருந்தான் தம்பி இளவழகன்.
ஹெல்மெட் ஒன்றுதான். அது அவன் தலையில் இருந்தது.
"பையை முன்னாடி குடுக்கா" என்றான்.
கொடுத்தேன்.

சித்தூர் பஸ் நிறுத்தம் வரைக்கும்
வெயிலைப் பற்றிப் பேசினான்.
நூற்றுப் பதினொன்று என்று பேப்பரில் போட்டிருக்கிறதாம்,
நம்ம மொட்டைமாடியில் அதற்கும் மேலே இருக்கும் என்றான்
தானே மூட்டிய அடுப்பு மாதிரி
பெருமையாக.

விருதம்பட்டில் வேகத்தடை.
"பை தி வே" என்றான்.

இந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் சேர்ந்த வருஷம்
முதல் சம்பளத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தது.
வேலை போன பிறகும் சொல் தங்கிவிட்டது.
பேச்சை விட்டு விலகும்போது சொல்வார்களாம்.
இவன், மடியில் முடிந்துவைத்திருப்பதை
அவிழ்க்கும்போது சொல்கிறான்.

"பை தி வே, வேலையை விட்டுட்டேன்."
அப்பா ரசத்துக்குத் தட்டில் குழி பறித்துக்கொண்டிருந்தார்.

"பை தி வே, பிரேமாவும் நானும் ரிஜிஸ்தர் பண்ணிட்டோம்."
ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி
அம்மா பத்து ரூபாயை நீட்டியிருந்தாள்.

ஆஸ்பத்திரி கேன்டீனில்,
டீக்குச் சில்லறை தேடியபடி,
"பை தி வே, பரவியிருக்காம்."

தமிழில் சொல்லியிருக்கலாம்.
"அது கிடக்கட்டும்" என்றால்
எது கிடக்கட்டும் என்று கேட்டிருப்பேன்.
"சொல்ல மறந்துட்டேன்" என்றால்
முகத்தில் கொஞ்சம் மறதி வேண்டும்.
அவனுக்கு நடிக்க வராது, பாவம்.

பாலாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று.
பாதிச் சொல் அவன் தோளைத் தாண்டி வந்தது
பாதி மணலுக்குப் போனது.
"நாளைக்குப் பத்தரைக்கு...
ஆபீஸ்ல தெரிஞ்சவர்தான்...
சும்மா ஒரு விடுதலைப் பத்திரம்..."

கொசப்பேட்டை வீட்டில் என் பங்கு
முன்னூற்று நாற்பது சதுர அடி.
குளியலறையும் சேர்த்து.

விடுதலைப் பத்திரம்.
எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறவளுக்குத்தான் விடுதலை
என்று நினைத்திருப்பான் போல
பேர் வைத்தவன்.

கீழே ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
ஒருவன் தூக்கி அடித்தான்.
தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் முளைத்திருந்த
சீமைக்கருவேலத்துக்குள் போனது பந்து.
ஆறு பேர் தேடினார்கள்.
அடித்தவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று
ரன்னை எண்ணிக்கொண்டிருந்தான்.
பாலம் முடிகிற வரைக்கும்
திரும்பித் திரும்பிப் பார்த்தேன், கிடைத்ததா என்று.

"கேட்டுச்சாக்கா?"
"காத்து" என்றேன்.

கிரீன் சர்க்கிளில் சிவப்பு விழுந்தது.
எஞ்சினை அணைத்தான்.
இனிமேல் காற்றைச் சொல்ல முடியாது.

"கத்திரிக்கா வாங்கணும்" என்றேன்.
"இன்னாது?"
"முள்ளுக் கத்திரிக்கா. இலவம்பாடியிலேர்ந்து வந்திருக்கும்.
மார்க்கெட் வழியா போ.
பிரேமாகிட்ட கொத்சு செய்யச் சொல்லலாம்.
பை தி வே,
நான் கையெழுத்துப் போடலை."

கண்ணாடியில் அவன் முகம் தெரியவில்லை,
என் காது தெரிந்தது, கம்மல் கொஞ்சம் திரும்பியிருந்தது.
சரிசெய்துகொண்டேன்.
பச்சை விழுந்தது.
பின்னால் ஒரு டவுன் பஸ், ஒரு ஆம்னி, நாலு ஆட்டோ
எல்லோரும் ஹாரனிலேயே அவனுக்கு ஆறுதல் சொன்னார்கள்.
அவன் உதைத்தான். வண்டி பிடிக்கவில்லை.
மறுபடி உதைத்தான்.

மார்க்கெட்டுக்குத்தான் போனான்.
கத்திரி வெயிலில் கத்திரிக்காய்க் கூறுகளுக்கு
ஈரச்சாக்கு போர்த்தியிருந்தார்கள்.
காம்பு முள் குத்தி விரலைச் சப்பினான்
சின்ன வயசில் சப்புகிற மாதிரியே.
எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

"அரைக் கிலோ போதுமா?"
அன்றைக்கு அவன் நேராகக் கேட்டது
அது ஒன்றுதான்.

"ஒரு கிலோ" என்றேன்.
"புழு ஓட்டை இல்லாததா பாத்து எடு."